நண்பர்களுடன் இணையத்தில் பலகை விளையாட்டு: மலையூர்களிலிருந்து ஆடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் இருந்துகொண்டு, குன்னூரிலும் கீழ்க்கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூரிலும் கோவையிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் நண்பர்களோடு நான் வாரந்தோறும் பலகை விளையாட்டு ஆடி வருகிறேன். புதிதாக வந்து சேர்ந்த பலரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: விளையாட்டை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கேற்ப ஆட்களையும் நேரத்தையும் இணைப்பையும் வளைக்கப் பார்க்கிறார்கள். மலையூரில் அது நடக்காது. முதலில் ஆட்கள், அடுத்து ஆடும் முறை, அடுத்து தளம், அதன் பிறகே விளையாட்டு என்ற வரிசையில்தான் இங்கே ஓர் ஆட்டம் தொடங்கி முடியும் வரை நிற்கிறது. கீழே உள்ள படிகளையும் அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். ஒரு படியைத் தாண்டிச் சென்றால் அதன் விளைவை ஆட்டத்தன்று இரவில் அனுபவிக்க நேரும்.

1. முதலில் ஆட்களைத் தாளில் எழுதுங்கள்

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி என்று ஒதுக்கி, அவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்தக் கருவியில் ஆடுவார், வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டா அல்லது கைபேசி டேட்டா மட்டும்தானா, வாரத்தில் எந்த இரவு ஓய்வாக இருப்பார் என்ற நான்கு செய்திகளை எழுதுங்கள். இதை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு விடக் கூடாது. “நெட் நன்றாகத்தான் இருக்கும்” என்று எல்லோரும் சொல்வார்கள். எழுதக் கேட்கும்போதுதான் “மாடி அறையில் மட்டும்”, “தம்பி படிக்காத நேரத்தில் மட்டும்” என்ற உண்மைகள் வெளியே வரும்.

அந்தத் தாளில் யாருடைய நிலை எல்லோரையும்விடக் கடினமாக இருக்கிறதோ, அவரை வைத்தே மற்ற அனைத்தையும் முடிவு செய்ய வேண்டும். எங்கள் குழுவில் அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பச்சைத்தேயிலை வரத்து கூடும் மாதங்களில் அவருக்கு இரவுப்பணி மாறி மாறி வரும். வீட்டில் ஒரு சன்னல் ஓரத்தில் மட்டுமே சிக்னல் நிற்கும். கையில் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு கைபேசி. முதல் 2 மாதங்களில் நாங்கள் தொடங்கிய எந்த ஆட்டமும் முடியவில்லை, ஏனென்றால் மடிக்கணினியும் நல்ல இணைப்பும் வைத்திருந்த மற்ற நால்வரும் எங்கள் வசதியைப் பார்த்தே விளையாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

வெளிநாட்டில் இருப்பவரின் வரியில் நேர வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு இரவு 9 மணி என்றால் ஷார்ஜாவில் 7:30, சிங்கப்பூரில் 11:30. இங்கிலாந்தில் இருப்பவருக்கு வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒன்றாக இருக்காது. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அங்கே கடிகாரம் மாற்றப்படுவதால், கோடையில் 4½ மணி நேரமும் குளிர்காலத்தில் 5½ மணி நேரமும் அவர் நமக்குப் பின்னால் இருப்பார். அந்த இரண்டு வாரங்களில் நினைவூட்டாமல் விட்டால் அவர் ஒரு மணி நேரம் தவறி வருவார்.

2. நேரலை ஆட்டமா, தவணை ஆட்டமா என்று முடிவு செய்யுங்கள்

எல்லோரும் ஒரே நேரத்தில் அமர்ந்து ஆடி முடிப்பது நேரலை ஆட்டம். ஒருவர் தம் முறையை ஆடிவிட்டுப் போய்விட, அடுத்தவர் தமக்கு ஓய்வு கிடைக்கும்போது வந்து ஆடுவது மற்றொரு வகை; அதை நாங்கள் தவணை ஆட்டம் என்று அழைக்கிறோம். போர்டு கேம் அரீனா போன்ற தளங்களில், மேசையை (ஓர் ஆட்டத்துக்கென்று ஆட்கள் சேரும் இணைய அறையை) திறக்கும்போதே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புதியவர்கள் தவணை ஆட்டத்தை இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மலையூரில் இருப்பவர்களுக்கு அதுவே முதன்மையாக இருக்க வேண்டும். ஆட்டத்தின் நிலை தளத்தின் சர்வரில் சேமிக்கப்பட்டிருப்பதால், மின்சாரம் போனாலும் சிக்னல் அறுந்தாலும் எதுவும் கெடுவதில்லை; சன்னல் ஓரத்தில் 2 நிமிடம் நின்றால் ஒரு முறை ஆடிவிடலாம். எங்கள் தொழிற்சாலை நண்பர் காலையில் பணி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ஆடுவார். ஷார்ஜா நண்பர் அதற்கு மதிய உணவு நேரத்தில் பதில் ஆடுவார்.

நேரலை ஆட்டத்துக்கு அதற்கே உரிய மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், தாளில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த இரவில் முழுமையாக ஒன்றரை மணி நேரம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஒருவருக்கு அது உறுதியில்லை என்றாலும் தவணை ஆட்டத்தையே எடுங்கள். மாதத்தில் ஒரு நேரலை இரவு, இடைப்பட்ட நாட்களில் ஒரு தவணை ஆட்டம் என்பது எங்கள் குழுவுக்குப் பொருந்திய அளவு.

3. தளத்தின் வகையைப் புரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்

இணையத்தில் பலகை விளையாட்டு ஆடும் வழிகள் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு வகைப்படும். இங்கே தவறினால் பணமும் வீணாகும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வகை, விதிகளைத் தானே காக்கும் இணையத்தளம். போர்டு கேம் அரீனா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலாவியிலேயே ஆடலாம், எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. செல்லாத இடத்தில் காயை வைக்க அது அனுமதிக்காது, மதிப்பெண்ணையும் அதுவே கூட்டிவிடும். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. சில விளையாட்டுகளுக்கு மட்டும் மேசையைத் திறப்பவர் சந்தா கட்டியிருக்க வேண்டும். அவர் அழைக்கும் நண்பர்கள் சந்தா இல்லாமலேயே சேர்ந்துகொள்ளலாம். எனவே 5 பேரும் சந்தா கட்டுவது தேவையற்ற செலவு. ஒருவர் கட்டி, மற்றவர்கள் பகிர்ந்துகொண்டால் போதும். புதிய குழுவுக்கு நான் எப்போதும் இந்த வகையையே சொல்கிறேன்.

இரண்டாவது வகை, ஒரே ஒரு விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட தனிச் செயலி. படங்களும் ஒலியும் அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியிருக்கும். வாங்கும் முன், கைபேசிப் பதிப்பில் இருப்பவரும் கணினிப் பதிப்பில் இருப்பவரும் ஒரே ஆட்டத்தில் சேர முடியுமா என்று விளையாட்டின் விவரப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். நாங்கள் ஒரு விளையாட்டை 3 பேர் கணினியிலும் 2 பேர் கைபேசியிலும் வாங்கிய பிறகுதான், அந்த இரண்டு பதிப்புகளும் ஒன்றையொன்று அறியாதவை என்பது தெரிந்தது. பணம் திரும்பவில்லை, ஆட்டமும் நடக்கவில்லை.

மூன்றாவது வகை, வெறும் மேசையை மட்டும் தரும் மென்பொருள். டேபிள்டாப் சிமுலேட்டர் இவ்வகை. அது காய்களையும் அட்டைகளையும் மேசையில் பரப்பித் தரும். விதிகளைக் காக்கும் பொறுப்பு ஆடுவோருடையது. ஆடும் ஒவ்வொருவரும் அதை வாங்கியிருக்க வேண்டும், கணினியும் ஓரளவு வலுவாக இருக்க வேண்டும், விளையாட்டின் படக்கோப்புகளை முன்கூட்டியே பதிவிறக்க வேண்டும். விதிகளை நன்றாக அறிந்த குழுவுக்கு இது பெரிய கொடை. விதி தெரியாத ஒருவர் இருந்தாலும் அந்த இரவு சண்டையில் முடியும்.

நான்காவது வகை, ஒருவருடைய கணினியில் ஓடும் விளையாட்டை மற்றவர்களுக்குக் காணொளியாக அனுப்பும் வசதி. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் உள்ள ரிமோட் பிளே டுகெதர் அப்படிப்பட்டது. ஒருவர் மட்டும் வாங்கினால் போதும் என்பதால் பலர் இதை நாடுகிறார்கள். ஆனால் இதில் படம் ஓயாமல் ஓட வேண்டியிருப்பதால் அனுப்புபவரின் பதிவேற்ற வேகமும் பெறுபவரின் இணைப்பும் இரண்டும் உறுதியாக இருக்க வேண்டும். மேலும் எல்லோரும் ஒரே திரையைப் பார்ப்பதால், கையில் உள்ள அட்டைகளை மறைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு இது பொருந்தாது. கைபேசி டேட்டாவை நம்பியிருக்கும் குழு இதைத் தொட வேண்டாம்.

பணம் வைத்து ஆடச் சொல்லும் செயலிகளை எந்த வகையிலும் சேர்க்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. லூடோ, ரம்மி என்ற பழகிய பெயரோடு வரும் இணைப்பு ஒன்றை நண்பரே அனுப்பினாலும், அது பணம் கேட்கிறதா என்று பார்த்த பிறகே திறங்கள்.

4. இப்போது விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்

தவணை ஆட்டத்துக்கு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: என் முறை நடக்கும்போது மற்றவர் எதற்காவது பதில் சொல்ல வேண்டுமா? பதில் தேவைப்படாத விளையாட்டு தவணைக்கு ஏற்றது. பதில் தேவைப்படும் விளையாட்டு நேரலைக்கு மட்டுமே ஏற்றது.

செங்கல், கம்பளி போன்ற பொருள்களைச் சேர்த்துக் குடியிருப்புகள் கட்டும் கட்டான் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையிலும் “எனக்குச் செங்கல் தா, நான் கம்பளி தருகிறேன்” என்று பேரம் பேசுவதே அதன் உயிர். நேரலையில் ஒரு நிமிடத்தில் முடியும் இந்தப் பேரம், தவணையில் ஒவ்வொருவரின் பதிலுக்கும் காத்திருந்து நாட்களைத் தின்றுவிடும். கட்டானை நேரலை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை விளையாட்டில் 3 அல்லது 4 பேர் மட்டுமே ஆடலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 5 பேர் உள்ள குழுவில் ஒருவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

கார்கசோனில் பேரம் இல்லை. சதுரமான ஓடு (டைல்) ஒன்றை எடுத்து, ஏற்கெனவே உள்ள நிலப்படத்தோடு பொருத்தி, விரும்பினால் அதில் ஓர் ஆளை (மனித உருவச் சிறு காயை) நிறுத்துவதோடு முறை முடிகிறது. அடிப்படை விளையாட்டில் 72 ஓடுகள். தொடக்க ஓடு போக 71 முறைகள். 4 பேர் ஆடினால் தலைக்கு ஏறத்தாழ 18 முறை வரும். ஆனால் ஒருவர் பின் ஒருவராக ஆட வேண்டியிருப்பதால், ஒவ்வொருவரும் அரை நாள் எடுத்துக்கொண்டால்கூட 71 முறைகளுக்கு 35 நாட்களுக்கு மேல் ஆகும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். “இன்னும் முடியவில்லையா” என்ற சலிப்பு பெரும்பாலும் இந்தக் கணக்கைச் செய்யாததால் வருவது.

செவன் வொண்டர்ஸ் விளையாட்டில் கணக்கு வேறு. அதில் 3 யுகங்கள், ஒவ்வொன்றிலும் 6 முறை, ஆக 18 முறைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் தத்தம் அட்டையைத் தேர்ந்தெடுப்பதால் யாரும் யாருக்காகவும் வரிசையில் நிற்பதில்லை. ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு முறை ஆடினால், 7 பேர் ஆடினாலும் 18 நாட்களில் முடிந்துவிடும். பெரிய குழு தவணையில் ஆட இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. ஆனால் படக்குறிகள் மிகுந்த விளையாட்டு என்பதால், முற்றிலும் புதியவர்களுக்கு முதல் விளையாட்டாகக் கொடுக்காதீர்கள். கார்கசோனில் தொடங்கி இதற்கு வாருங்கள்.

வீட்டில் உள்ள பெரியவர்களோடு ஆட விரும்பினால் தாயமும் பரமபதமும் ஆடிய கைகளுக்குப் பழக்கமான லூடோவில் தொடங்குவது தவறல்ல. லூடோ கிங் செயலியில் அறை எண் ஒன்றை உருவாக்கி அனுப்பினால் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம்.

5. கணக்குகளை முந்தைய நாளே தொடங்கிவிடுங்கள்

ஆட்ட நேரத்தில் கணக்குத் தொடங்குவது புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு. உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும், கடவுச்சொல் மறந்துபோகும், கைபேசி எண்ணுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. சிக்னல் இல்லாததால் வராது. அரை மணி நேரம் கரைந்துவிடும்.

ஒரு நாள் முன்னதாகவே ஒவ்வொருவரும் தமக்கென்று தனிக் கணக்கைத் தொடங்கி, உள்ளே நுழைந்து, நண்பர் பட்டியலில் மற்றவர்களைச் சேர்த்து, அதன் ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். “முடித்துவிட்டேன்” என்ற சொல்லை ஏற்காமல் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்பதற்குக் காரணம், பாதியில் நின்ற கணக்கு அதைத் தொடங்கியவருக்கே தெரியாமல் இருப்பதுதான். அண்ணனும் தங்கையும் ஒரே கணக்கில் ஆட வேண்டாம். தவணை ஆட்டத்தில் யார் முறையை யார் ஆடினார்கள் என்ற குழப்பம் தீராது.

6. மின்சாரத்துக்கும் இணைப்புக்கும் மாற்று ஏற்பாடு

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமும் கொடைக்கானலிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் வலுத்துப் பெய்யும். கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ கம்பியில் விழுந்தால் எப்போது மின்சாரம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே உங்கள் பகுதிக்கு மழை வலுக்கும் மாதங்களில் நேரலை இரவுகளைக் குறைத்துத் தவணை ஆட்டத்துக்கு மாறுவதே முதல் ஏற்பாடு.

இரண்டாவது ஏற்பாடு ரவுட்டருக்கு. மின்சாரம் போனாலும் ஃபைபர் கம்பியில் ஒளி வந்துகொண்டிருக்கலாம். வீட்டில் உள்ள ரவுட்டர் அணைந்துவிடுவதால்தான் இணைப்பு போகிறது. ரவுட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். யு.பி.எஸ். தரும் வோல்ட் அதற்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் அளவு அடாப்டரில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். வோல்ட் மாறினால் ரவுட்டரே பழுதாகிவிடும்.

மூன்றாவதாக, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை ஒரு முறை முன்கூட்டியே இணைத்துப் பாருங்கள். செல்போன் டவர்களும் பேட்டரியில்தான் நிற்கின்றன என்பதால் நீண்ட மின்தடையில் அவையும் ஓய்ந்துவிடும். ஆனால் ஓர் ஆட்டத்தை முடிக்கும் அளவுக்குப் பெரும்பாலும் தாங்கும். வீட்டு இணைப்பும் கைபேசி சிம்மும் வெவ்வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும் வாய்ப்பு குறைவு.

7. பேச்சுக்குத் தனி ஏற்பாடு

நேரலை ஆட்டத்தில் பேச்சு இல்லையென்றால் அது நண்பர்களோடு ஆடுவதாகவே இருக்காது. விளையாட்டை ஒரு கருவியிலும் வாட்ஸ்அப் குரல் அழைப்பை மற்றொரு கருவியிலும் வைத்துக்கொள்வது நல்லது. காணொளி அழைப்பு வேண்டாம். முகம் பார்க்கும் ஆசையில் அதைத் தொடங்கினால், சிக்னல் குறைந்தவரின் குரலும் ஆட்டமும் சேர்ந்து தடுமாறும்.

ஒரே கைபேசியில் இரண்டையும் வைத்திருப்பவருக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ரேம் குறைந்த கைபேசியில் அழைப்புத் திரைக்குப் போய்த் திரும்பினால் உலாவி, பக்கத்தைப் புதிதாக ஏற்றும். சில நொடிகள் வெற்றுத் திரை தெரியும். அதைக் கண்டு பதறி, ஆட்டத்தை விட்டு வெளியேறும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அழுத்தத் தேவையில்லை. ஆட்டம் சர்வரில் இருக்கிறது. பக்கம் ஏறியவுடன் விட்ட இடத்திலேயே நிற்கும்.

எல்லோரும் இயர்போன் அணிய வேண்டும், இல்லையென்றால் எதிரொலி கேட்கும். எங்கள் குழுவில் பேச்சு, நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகும் தமிழும் கலந்து ஓடும். ஆனால் விதியை விளக்கும்போது மட்டும் தமிழிலேயே பேசுவது என்று வைத்திருக்கிறோம், ஏனென்றால் கோவை நண்பருக்குப் படுகு தெரியாது, பாதி விளக்கத்தைத் தவறவிட்டவர் அதைக் கேட்கத் தயங்குவார்.

8. மேசையைத் திறக்கும் வரிசை

எல்லோரும் கணக்கில் நுழைந்துவிட்டார்கள் என்று குரலில் உறுதி செய்த பிறகே மேசையைத் திறங்கள். ஒருவர் மட்டுமே திறக்க வேண்டும். ஆர்வத்தில் இருவர் திறந்துவிட்டால் பாதிப் பேர் ஒன்றிலும் பாதிப் பேர் மற்றொன்றிலும் அமர்ந்து காத்திருப்பார்கள்.

முதலில் நேரலையா தவணையா என்பதைக் குறியுங்கள். அடுத்து வேகம்: நேரலை என்றால் இருப்பதில் மெதுவானதை எடுங்கள், தவணை என்றால் ஒரு முறைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கொடுங்கள். போர்டு கேம் அரீனாவில் ஒவ்வொருவருக்கும் யோசிக்கும் நேரம் கடிகாரமாக ஓடும். அது தீர்ந்துவிட்டால் மற்றவர்கள் அவரை வெளியேற்ற வழியுண்டு. வேகத்தைக் கவனிக்காமல் விட்டால், விதி கற்றுக்கொண்டிருக்கும் புதியவரின் கடிகாரம் முதல் 5 முறைக்குள்ளேயே தீர்ந்து, அவருடைய பெயரருகே சிவப்பு எண் தோன்றும். கற்றுக்கொள்ள வந்தவரை அதைவிட அச்சுறுத்துவது வேறில்லை.

அதன் பிறகு, தரவரிசையில் சேராத நட்பு ஆட்டமாக மாற்றுங்கள். நண்பர்கள் மட்டுமே சேர முடியும் என்று வரம்பு வையுங்கள். இதை மறந்தால் உலகின் வேறொரு மூலையிலிருந்து ஒருவர் வந்து உங்கள் நண்பருக்கான இடத்தில் அமர்ந்துவிடுவார். ஆட்டக்காரர் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். விரிவாக்கங்கள் (அடிப்படை விளையாட்டோடு சேரும் கூடுதல் பகுதிகள்) எதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். கடைசியாகவே மேசையின் இணைப்பைக் குழுவில் அனுப்புங்கள். அனுப்பிய பிறகு அமைப்புகளை மாற்றினால் எல்லோரும் மீண்டும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

9. கற்றுத்தரும் முறை

விதிகளைக் காக்கும் தளத்தில் ஒரு மறைவான இடர் உண்டு. செல்லக்கூடிய இடங்களை அது ஒளிர வைத்துக் காட்டுவதால், புதியவர் ஒளிரும் இடத்தைத் தொட்டுக்கொண்டே போவார். ஆட்டம் முடியும், மதிப்பெண் வரும், ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது ஆட்டத்திலும் தெரியாது. மூன்றாவது ஆட்டத்துக்கு அவர் இருக்கமாட்டார்.

இதைத் தவிர்க்க, முதல் ஆட்டம் கற்றலுக்கு மட்டும் என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொருவரும் காயை வைக்கும் முன் “இங்கே வைக்கிறேன், இதற்காக வைக்கிறேன்” என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தில்தான் தவறான புரிதல் வெளிப்படும், அங்கேயே திருத்தலாம்.

ஒரே மூச்சில் எல்லா விதிகளையும் கொட்டாதீர்கள். கார்கசோனுக்கு நான் தொடக்கத்தில் சொல்வது நான்கே: ஓட்டின் விளிம்புகள் பொருந்த வேண்டும், வைத்த ஓட்டில் மட்டுமே ஆளை நிறுத்தலாம், அந்தப் பாதையிலோ நகரிலோ ஏற்கெனவே வேறு ஆள் இருக்கக் கூடாது, பாதையோ நகரோ மடமோ முழுமையானால் மதிப்பெண்ணோடு ஆளும் கைக்குத் திரும்பும். முழுமையான நகருக்கு ஓர் ஓட்டுக்கு 2, பாதைக்கு ஓர் ஓட்டுக்கு 1, எட்டுப் பக்கமும் ஓடுகள் சூழ்ந்த மடத்துக்கு 9. வயல் விதியைச் சொல்வதில்லை; முதல் ஆட்டத்தில் யாரும் வயலில் ஆளை நிறுத்துவதில்லை என்று பேசிக்கொள்கிறோம். வயலில் நிறுத்திய ஆள் கடைசி வரை திரும்பாது, அதன் மதிப்பெண்ணும் முடிவில்தான் வரும் என்பதால் புதியவருக்கு அது பிடிபட நேரமாகும்.

புதியவர்களின் வழக்கமான பிழை ஒன்றை மட்டும் முன்கூட்டியே எச்சரியுங்கள். கையில் உள்ள 7 ஆட்களையும் முதல் சில முறைகளிலேயே நிறுத்திவிட்டு, பிறகு நல்ல ஓடு வரும்போது நிறுத்த ஆளின்றித் தவிப்பார்கள். ஒருவரையாவது எப்போதும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலத் திரை தடையாக இருப்பவர்களுக்கு, திரையில் வரும் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதி ஒரு பக்கமாக அனுப்புங்கள். எங்கள் குழுவில் மீப்பிள் என்பதை “ஆள்” என்றும் டைல் என்பதை “ஓடு” என்றும் எழுதி அனுப்பிய பிறகு, ஒரு நண்பரின் அம்மாவும் ஆடத் தொடங்கினார். இப்போது எங்களில் அவரை வெல்வது எளிதல்ல.

10. நடுவில் இணைப்பு அறுந்தால்

என்ன செய்வது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள். எங்கள் வழக்கம் 10 நிமிடம் காத்திருப்பது. முதலில் அவரைச் சாதாரணத் தொலைபேசி அழைப்பில் பிடிக்கப் பாருங்கள். டேட்டா இல்லாத இடத்திலும் பேச முடியும் சமயங்கள் உண்டு. பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், அதற்கும் வரவில்லை என்றால் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறச் சொல்லுங்கள்.

அவர் திரும்ப வழியில்லை என்றால் யாரும் தனியாக வெளியேறாதீர்கள். வெளியேறியவரின் கணக்கில் அது குறையாகப் பதிவாகும். எல்லோரும் சேர்ந்து ஆட்டத்தைக் கைவிடும் வசதி போர்டு கேம் அரீனாவில் உண்டு. ஒருவர் முன்மொழிந்து மற்றவர்கள் ஒப்புக்கொண்டால் யாருக்கும் குறை வராது. அறுந்துபோனவரை வெளியேற்றும் பொத்தான் திரையில் ஒளிர்ந்தாலும் அதை அழுத்தாதீர்கள். மழையில் மின்சாரம் இழந்து இருட்டில் அமர்ந்திருப்பவர், மறுநாள் காலையில் தம்மை நண்பர்களே வெளியேற்றியிருப்பதைப் பார்க்கக் கூடாது.

11. தவணை ஆட்டத்தைத் தொய்வின்றி நடத்துதல்

தவணை ஆட்டம் பெரும்பாலும் மறதியால் நிற்கிறது. தளத்தின் அறிவிப்பை இயக்கி வைக்கச் சொல்லுங்கள். கைபேசியின் பேட்டரிச் சேமிப்பு அமைப்பு அந்த அறிவிப்பைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தும் மறப்பவருக்கு, காலைத் தேநீர் போல ஒரு நிலையான வேளையைத் தாமே வைத்துக்கொள்ளும்படி சொல்வதே பயன் தந்திருக்கிறது.

ஒரே நேரத்தில் 2 ஆட்டங்களுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது சேர்ந்தால் எந்த ஆட்டத்தில் என்ன திட்டமிட்டோம் என்பது கலந்துவிடும். ஒவ்வொரு முறை ஆடிய பிறகும், அடுத்து என்ன செய்ய நினைத்தோம் என்பதை ஒரு வரியில் சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது பலகையை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்காது.

வீட்டில் விசேஷமோ படுகர்களின் ஹெத்தை திருவிழாவோ வந்து சில நாட்கள் ஆட முடியாது என்றால், முன்கூட்டியே குழுவில் சொல்லிவிட்டால் யாரும் கடிந்துகொள்ளமாட்டார்கள். நண்பர்களுக்கு மட்டுமான தவணை மேசையைக் கால வரம்பே இல்லாமலும் திறக்கலாம். ஆனால் எங்கள் அனுபவத்தில் வரம்பற்ற மேசைகளே நடுவில் நின்றுபோகின்றன. இரண்டு நாள் வரம்பு வைத்துவிட்டு, தேவைப்படும்போது பொறுத்துக்கொள்வது நல்லது.

ஆட்டம் முடிந்த அன்றே, அதில் கடைசி இடம் பெற்றவர் அடுத்த மேசையைத் திறக்க வேண்டும் என்பது எங்களிடம் உள்ள ஏற்பாடு. எந்த விளையாட்டு என்பதையும் அவரே முடிவு செய்வார். முதல் படியில் எழுதிய தாளை மட்டும் அதற்கு முன் ஒருமுறை எடுத்துப் பார்த்து, யாருடைய வேலை நேரமாவது ஊராவது கைபேசியாவது மாறியிருந்தால் அந்த வரியைத் திருத்திவிட்டுத் திறப்பார்.